தமிழுக்கு ஒரு கேடயம்

கரைவளக் காவல் கந்தோரில் தமிழுக்கென்று தனியாக ஒரு கவுன்ரர் திறக்கப்போகிறார்களாம். அதற்குப் பச்சைப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். மெற்றில்டா வாசலில் நின்று பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் வருகிற சிரிப்பில்லை. அழுகல் மீனைக் கழுவி நல்ல மீன் என்று விற்கிறவனைக் கண்டால் விடத்தல்தீவுப் பெண்களுக்கு ஒரு சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பு.

அந்தக் கட்டடத்துக்குப் பின்னால், முள்ளுக்கம்பி வேலிக்குள், அவளுடைய வள்ளம் கிடந்தது. நீல வள்ளம். பக்கவாட்டில் ‘மடு மாதா’ என்று புருஷன் யாகப்பர் தன் கையாலேயே எழுதியிருந்தார். வெயிலில் காய்ந்து காய்ந்து முன்பக்கத்தில் ஒரு வெடிப்பு விழுந்துவிட்டது. இயந்திரத்தின் மேல் யாரோ ஒரு சாக்கைப் போட்டிருந்தார்கள், அதன் மேல் காகம் எச்சமிட்டிருந்தது. நண்டு நன்றாகப் படுகிற காலம் முழுக்க யாகப்பர் அடுத்தவனுடைய வள்ளத்தில் கூலிக்குப் போய்வந்தார். சொந்த வள்ளம் இருக்கிற மனுசன்!

வள்ளம் ஏன் அங்கே கிடந்தது? யாகப்பர் கஞ்சா கடத்தினாரா, தடைசெய்த வலை போட்டாரா? ஒரு மண்ணும் இல்லை. கரைவளக் காவல்காரர் கடலில் மறித்து அனுமதிப் பத்திரம் கேட்டார்கள். யாகப்பர் பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினார். மன்னாரில் இருக்கிற இன்னொரு அரசாங்கக் கந்தோர் முத்திரை குத்திக் கொடுத்த பத்திரம் அது. தமிழில் இருந்தது. இந்தக் கந்தோரின் பெரியவர் வீரக்கோன் அதை இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார். வாசிக்கத் தெரியவில்லை. தனக்கு வாசிக்கத் தெரியாதது செல்லாது என்று முடிவுகட்டிவிட்டார். சிங்களத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தோடு கொண்டுவந்தால் வள்ளத்தை விடலாமாம். மொழிபெயர்ப்பாளர் எங்கே? அவருக்கு அந்தக் கந்தோரிலேயே ஒரு கதிரை இருந்தது. கதிரையில்தான் ஆள் இல்லை. பதவி வெற்றிடமாம். ஆளைப் போடச் சொல்லி யாரும் விண்ணப்பிக்கலாமாம். விண்ணப்பம் சிங்களத்தில் இருக்கவேண்டுமாம்.

அரசாங்கம் தந்த பத்திரத்தை அரசாங்கத்துக்கு வாசிக்கத் தெரியாது, அதற்குத் தண்டனை யாகப்பருக்கு. இந்த நாட்டுக்கு இரண்டு அரசகரும மொழிகள். சட்டத்தில் இருக்கிறது. ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று கோட்டுப் போட்டவர்கள் இன்னும் டிவியில் இருந்து தொண்டை கிழியக் கதைக்கிறார்கள். மெற்றில்டாவைக் கேட்டிருந்தால் தேத்தண்ணி ஆற முன்னம் முடித்துவிட்டிருப்பாள்.

“ரெண்டு இருக்கு எண்டு சொல்லிப்போட்டு ஒண்டை மட்டும் வச்சிருக்கிறவனைவிட, ஒண்டுதான் எண்டு முகத்துக்கு நேர சொல்லுறவன் மேல். அவனோட சண்டையாவது பிடிக்கலாம்” என்பாள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், மெற்றில்டாவுக்குச் சிங்களம் தெரியும். அரைகுறையாக இல்லை, தண்ணீர் பட்ட பாடு. இளவயதில் நீர்கொழும்பில் சின்னம்மாவோடு இருந்து கருவாட்டு வாடியில் வேலை செய்தவள். சிங்களத்தில் விலை பேசுவாள், பகிடி விடுவாள், செபம் சொல்லுவாள், தேவைப்பட்டால் காது பொத்துகிற மாதிரித் திட்டவும் செய்வாள். அந்த மொழியில் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி பருக்கிய பக்கத்து வாடி அக்கா சிங்களம்தான். ஆனால் இந்தக் கந்தோருக்குள் மட்டும் அவள் வாயிலிருந்து ஒரு சிங்களச் சொல் விழவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. தெரிந்தவர் யாகப்பர் ஒருவர்தான், அந்த மனுசன் தலையில் அடித்துக்கொண்டார்.

“எடியே, உன்ர வாயில சிங்களம் கிடக்கு. போய் நாலு வார்த்தை கதைச்சியெண்டால் பின்னேரம் வள்ளம் கரையில நிக்கும். சிலாவத்துறைப் பைசரின்ர வள்ளத்தையும் இப்பிடித்தானே பிடிச்சவங்கள்? அவர் புத்தளத்தில அகதியாக் கிடந்து பழகின சிங்களத்தில கதைச்சார், அண்டைக்கே கொண்டுபோனார். ஏன்டி என்னைக் கொல்லுறாய்?”

“இஞ்சருங்கோ, நாங்கள் பிச்சைக்கே போறம்? எங்கட வள்ளம், எங்கட பத்திரம். தமிழில கேட்டால் தமிழில பதில் சொல்லவேணுமெண்டு அவையளே எழுதி வச்சிருக்கினம். நான் சிங்களத்தில கேட்டால் வரும், ஓம். சிவலட்சுமி போய்க் கேட்டால்? அவளுக்கு என்ன வரும்? நான் கேட்டுக் கேட்டு அவங்கட காது தேயட்டும்.”

“அவங்கட காது தேய முன்னம் என்ர வள்ளம் தேஞ்சு போகும்” என்றார் யாகப்பர். அது உண்மைதான். உண்மை என்று தெரிந்ததால்தான் மெற்றில்டா அவரோடு அன்றைக்கு முழுக்கக் கதைக்கவில்லை.

சிவலட்சுமி என்பது கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற வயல் கிராமத்துப் பெண். அவளும் அந்தக் கந்தோர் வாங்கில்தான் குந்தியிருப்பாள். புருஷன் யோகராசா கண்டல் காட்டோரமாக உழவு மிசினில் விறகு ஏற்றி வந்தாராம், மிசினைப் பிடித்துவிட்டார்கள். அவளிடமும் தமிழில் ஒரு அனுமதிப் பத்திரம் இருந்தது. விதைக்கிற காலம் வருகிறது, மிசின் வேலிக்குள் கிடக்கிறது. இருவரும் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, வெற்றிலை போட்டு, வீரக்கோனைத் திட்டி, ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். “எங்களுக்கு அவன்ர பாசை தெரியாது, அவனுக்கு எங்கட பாசை தெரியாது. என்னக்கா செய்யிறது” என்பாள் சிவலட்சுமி. மெற்றில்டா வெற்றிலையைக் கடைவாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள்.

சிங்களம் தெரியாத மாதிரி இருந்ததில் அவளுக்கு ஒரு ஆதாயம் கிடைத்தது. மனுசர் தன் முகத்துக்கு முன்னாலேயே தன்னைப் பற்றி என்ன கதைக்கிறார்கள் என்று கேட்கலாம். ஒருநாள் வீரக்கோன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பக்கத்து மேசைக் கிளாக்கர் பியசேனவிடம் சிங்களத்தில் சொன்னார்: “இந்த மனுசிக்கு மண்டைக்குள் ஒன்றும் இல்லை. மாட்டுக்குச் சொன்னாலும் விளங்கும். விடு, களைத்துப்போய்த் தானாகவே வராமல் நின்றுவிடும்.” பியசேன கெக்கட்டமிட்டுச் சிரித்தார். மெற்றில்டா ஒன்றும் விளங்காத முகத்தோடு “ஓம் ஐயா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்தச் சொற்களை ஒன்று விடாமல் மனதுக்குள் முடிந்து வைத்தாள். தூ, இந்த மூஞ்சிகளுக்கு நான் சிங்களம் பேசுவதா?

கவுன்ரருக்குப் பெயின்ற் காயுமுன் தோமஸ் வீட்டுக்கு வந்தான். தோமஸ் அந்தக் கந்தோரின் பியோன். அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள். மெற்றில்டாவின் பங்குக் கோயில்தான் அவனுக்கும். உள்ளே வந்து, இருக்கச் சொல்லுமுன்னமே கதிரையில் இருந்தான்.

“அக்கா, மொழிக் கிழமைக்குக் கொழும்பில இருந்து ஒரு பெரிய அதிகாரி நோனா வாறா. ரெண்டு பாசையிலயும் நல்லா வேலை செய்யிற கந்தோருக்குக் கேடயம் குடுக்கப்போகினம். தமிழ்க் கவுன்ரருக்கு ஒரு தமிழ் ஆள் வரவேணும், தமிழில கேக்கவேணும், பிறகு மைக்கில நன்றி சொல்லவேணும். பசாம் பாடுற உங்கட குரலுக்குச் சனம் அப்பிடியே உருகிப்போகும் எண்டு நான்தான் வீரக்கோன் மாத்தயாவுக்குச் சொன்னனான். செய்தீங்களெண்டால் பின்னேரமே வள்ளத்தை விடுறன் எண்டிட்டார்.”

பசாம் என்பது தவக்காலத்தில் கோயிலில் யேசுவின் பாடுகளைச் சொல்லி அழுது பாடுவது. மெற்றில்டா தொடங்கினால் பெரிய வெள்ளிக்கிழமை கல்லும் கண்ணைத் துடைக்கும் என்று ஊரே சொல்லும்.

“எட தோமஸ், உனக்கு வெக்கமே இல்லையே? அந்தப் பத்திரத்தை வாசிச்சுச் சொல்லடா எண்டு உன்னட்டக் கெஞ்சினன். நீ என்ன சொன்னாய்? ‘என்ர வேலை தேத்தண்ணி போடுறதும் ஃபைல் தூக்கிறதும், மொழிபெயர்க்கிறது என்ர கடமை இல்லை’ எண்டாய்.”

“அது சட்டம், அக்கா.”

“அப்ப நோனா வந்தால் அவவுக்கு ஆர் மொழிபெயர்க்கப்போறது?”

“நான்தான்.”

“இப்ப சட்டம் எங்க போட்டுது?”

“இப்ப மாத்தயா சொல்லியிருக்கிறார்” என்றான் தோமஸ், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

விளக்குமாற்றை எடுத்திருப்பாள். அதற்குள் யாகப்பர் குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து, ஓம், வருவா, கட்டாயம் வருவா என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். தோமஸ் போனதும் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவைத்தார். “ஒரு நன்றிதானேயடி. தமிழிலதானே சொல்லப்போறாய். நீ கேட்டதும் அதுதானே?” என்றார். அவர் முழங்கையில் அடுத்தவன் வலை இழுத்துக் கீறிய காயம் இருந்தது. மெற்றில்டா அதைப் பார்த்தாள். விழாவுக்குக் கட்டச் சேலையை எடுத்து உதறினாள்.

விழா நாள் வந்தது. பந்தல், குத்துவிளக்கு, கதிரைகளுக்கு வெள்ளைத் துணி. தமிழின் பெருமையைப் பற்றி வீரக்கோன் நெடுநேரம் சிங்களத்தில் பேசினார். தமிழ் எவ்வளவு பழைய மொழி, எவ்வளவு இனிய மொழி! வாங்கில் இருந்த தமிழ்ச் சனத்தில் முக்கால்வாசிக்கு ஒரு சொல் விளங்கவில்லை. தங்களைத்தான் புகழ்கிறார் என்று தெரியாமலேயே, பக்கத்தில் இருப்பவன் தட்டினால் தானும் தட்டினார்கள். கொழும்பு நோனா முன்வரிசையில் இருந்து தலையாட்டி ஆட்டிப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தமிழ் தெரியாது. தமிழுக்குப் புள்ளி போட வந்தவளுக்கு!

பிறகு கவுன்ரரைத் திறந்தார்கள். உள்ளே பியசேன. அவருடைய தலைக்கு மேலே அவர் தமிழ்ச் சோதனை பாஸ் பண்ணிய சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கியது. மெற்றில்டா போய் நின்றாள்.

“வணக்கம் அம்மா. உங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?” என்று பியசேன கூரையைப் பார்த்து ஒப்பித்தார்.

“என்ர வள்ளத்தை விடுங்கோ.”

“மிக நல்லது. உங்கள் விடயம் கவனத்தில் எடுக்கப்படும்.”

“எப்ப எடுப்பீங்கள்? அது வெடிச்சுப்போய்க் கிடக்கு.”

“நன்றி. மீண்டும் வருக.”

பந்தலே கைதட்டியது. நோனாவும் தட்டினாள். பியசேன வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சோதனை பாஸ் பண்ணிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

தோமஸ் மைக்கைக் கொண்டுவந்து மெற்றில்டாவின் கையில் திணித்தான். “நன்றி சொல்லுங்கோ” என்று காதுக்குள் சொன்னான். நன்றி சொல்லத்தான் அவள் வந்தாள். சத்தியமாக அப்படித்தான். ஆனால் நிமிர்ந்தபோது கவுன்ரர் யன்னலுக்கூடாக, முள்ளுக்கம்பிக்கு அப்பால் நீல வள்ளம் தெரிந்தது. ‘மடு மாதா’வின் மேல் ஒரு காகம் இருந்தது. நன்றி என்ற சொல் வரமாட்டேன் என்றது. வந்தது பசாம் ராகம். தவக்காலம் தவிர வேறு நாளில் அதைப் பாடக்கூடாது, வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அவள் மைக்கோடு கையைக் கூப்பினாள், கண்ணை மூடினாள், பாடினாள்.

“தமிழைத் தலைகீழாய்ப் பிடித்த ஐயாமாரே
என் வள்ளத்தைச் சிறைவைத்த ஐயாமாரே
வாசிக்கத் தெரியாத குற்றம் உங்களது
வள்ளமில்லாத் தண்டனை எங்களுக்கோ
பொய்க் கவுன்ரர் கட்டினீரே, பூமாலை போட்டீரே
பேசத் தெரியாத பொம்மையை வைத்தீரே”

வாங்கில் இருந்த தமிழ்ச் சனம் முதலில் திகைத்தது. பிறகு ஒருவன் குனிந்து வாயைப் பொத்தினான். சிவலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. யாகப்பர் கடைசி வரிசையில் தலையில் கைவைத்துவிட்டார். முன்வரிசையிலோ, அடேயப்பா, ஒரே பரவசம்! அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மெற்றில்டாவின் கூப்பிய கை, மூடிய கண், வழிகிற கண்ணீர். வீரக்கோன் நெஞ்சில் கைவைத்துத் தலைவணங்கி அதை ஏற்றுக்கொண்டார்.

“என்ன சொல்கிறா?” என்று நோனா சிங்களத்தில் கேட்டாள்.

“நன்றி சொல்கிறா, நோனா. தமிழிலே சேவை கிடைத்ததால் அழுகை வந்துவிட்டதாம்” என்றான் தோமஸ். கண் இமைக்கவில்லை அந்த மகாராசன்.

நோனா புள்ளி போட்டாள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் நோனாவின் வாகனச் சாரதி பந்தல் காலோடு சாய்ந்து நின்றான். நீர்கொழும்புக்காரன், சிங்களக் கத்தோலிக்கன். ராகம் தொடங்கியதுமே அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தான். தமிழ் அவனுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவனுடைய ஊர்க் கோயிலிலும் பெரிய வெள்ளிக்கு இப்படித்தான் பாடுவார்கள். அவன் நோனாவுக்குக் கிட்டே வந்தான்.

“நோனா, இது நன்றி இல்லை. எங்கட ஊரிலும் இதைப் பாடுவார்கள். ஆண்டவரைச் சிலுவையில் அறைந்ததுக்கு அழுகிற பாட்டு. நன்றிக்கு யாரும் இதைப் பாடமாட்டார்கள்.”

“அது... இந்தப் பக்கத்து வழக்கம், நோனா. சந்தோஷம் கூடினால் இப்படித்தான்” என்றான் தோமஸ்.

நோனா எழுந்து மெற்றில்டாவிடம் வந்தாள். செவிடிக்குச் சொல்வது போலக் கையை ஆட்டி ஆட்டி, மெதுவாக, சிங்களத்தில் கேட்டாள்: “அம்மே, ஏன் அழுதீங்க?”

வீரக்கோன் நோனாவின் முதுகுக்குப் பின்னால் நின்று மெற்றில்டாவைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. விரலை அசைத்தார்: வள்ளம் இனி இல்லை. தமிழில் சொன்னால் தோமஸ் இருக்கிறான், அதையும் நன்றியாக்கிவிடுவான். பேசாமல் நின்றால் வள்ளம் அந்த வேலிக்குள்ளேயே உக்கிப்போகும். இத்தனை காலமும் வாய்க்குள் பூட்டி வைத்ததைத் திறந்தால் வள்ளம் வரும். ஆனால் அதற்குப் பிறகு தமிழில் கேட்டேன் என்று சொல்ல அவளிடம் என்ன மிஞ்சும்? கடைசி வரிசையில் யாகப்பர் எழும்பி நின்றார். அந்தப் பாழ்பட்ட முழங்கையைத் தூக்கி, கதையடி, கதையடி என்று வாயசைத்தார்.

மெற்றில்டா கதைத்தாள்.

சிங்களம் மடை உடைத்த மாதிரி வந்தது. நல்ல நீர்கொழும்புக் கடற்கரைச் சிங்களம். பத்திரத்தைச் சொன்னாள், வெற்றிடக் கதிரையைச் சொன்னாள், தோமஸின் தேத்தண்ணிச் சட்டத்தைச் சொன்னாள். கடைசியில் வீரக்கோன் பக்கம் திரும்பி, “மாட்டுக்குச் சொன்னாலும் விளங்கும்” என்று அவர் சொன்னதை அவருடைய குரலிலேயே, அவருடைய சிரிப்போடேயே திருப்பிச் சொன்னாள். பியசேன கவுன்ரருக்குக் கீழே எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துவிட்டார். வீரக்கோனின் முகம் அவித்த இறால் மாதிரி ஆனது. ஆகா, அந்த ஒரு நிமிசம்! மெற்றில்டா அதை வயிறாரச் சாப்பிட்டாள்.

நோனா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு இரண்டு கைகளாலும் மெற்றில்டாவின் கைகளைப் பிடித்தாள்.

“அடே, எவ்வளவு அழகான சிங்களம்!” என்றாள்.

வீரக்கோனைப் பார்த்து, பாவம், அந்த வள்ளத்தை விடுங்கள், என்ன இது என்று செல்லமாக அதட்டினாள். பிறகு மைக்கை வாங்கிக்கொண்டு சபையைப் பார்த்துச் சொன்னாள்: “பாருங்கள், எல்லாரும் இந்த அம்மாவைப் போலச் சிங்களம் படித்துக்கொண்டால் இந்த நாட்டில் பிரச்சினை என்று ஒன்று இருக்குமா?” பந்தல் கைதட்டியது. கேடயத்தையும் அந்தக் கந்தோருக்கே கொடுத்தார்கள். புள்ளியை முன்னமே போட்டாகிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம். படமெடுக்கும்போது மெற்றில்டாவை இழுத்து நடுவில் விட்டு, கேடயத்தின் ஒரு மூலையைப் பிடிக்க வைத்தார்கள். மற்ற மூலையை வீரக்கோன் பிடித்தார். இளித்துக்கொண்டு! இந்த மனுசர்களுக்கு முகத்தில் தோல் இல்லை, தார் பூசியிருக்கிறது.

அன்றைக்குத் தமிழுக்குக் கேடயம் கிடைத்தது. வள்ளம் சிங்களத்தில் கிடைத்தது.

பின்னேரம் யாகப்பரும் ஊர்ப் பெடியளும் வள்ளத்தைத் தூக்கி ரெயிலரில் ஏற்றினார்கள். யாகப்பர் வெடிப்பைத் தடவித் தடவிப் பார்த்தார், பிறகு குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். வேலிக் கதவின் பூட்டைத் திறந்துவிட்ட பியசேன பழக்கதோஷத்தில், “நன்றி. மீண்டும் வருக” என்றார்.

“உன்ர தலையில இடி விழ” என்றாள் மெற்றில்டா.

“மிக நல்லது” என்றார் பியசேன.

அவள் திரும்பினாள். வாங்கில் சிவலட்சுமி தனியாக இருந்தாள், மடியில் அந்தத் தமிழ்ப் பத்திரம். சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது.

“அக்கா,” என்றாள். “உங்களுக்குச் சிங்களம் தெரியுமே?”

மெற்றில்டா வேலிப் பக்கம் பார்த்தாள்.

“இவ்வளவு காலமும் பக்கத்தில இருந்து வெத்திலை போட்டனீங்கள். தெரியும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லயில்லை. எங்கட மிசின் உள்ளுக்குத்தானே அக்கா கிடக்கு. நாளைக்கு விதைப்பு.”

வீரக்கோனைப் பார்த்தபோது வராத வெட்கம் மெற்றில்டாவுக்கு அப்போது வந்தது. உனக்காகத்தானடி தமிழில் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இவள் சிரிப்பாள் என்று தெரிந்தது. தன் மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

“எழும்பு,” என்றாள். “பத்திரத்தைக் கொண்டு வா.”

இருவரும் உள்ளே போனார்கள். கேடயத்தைக் கவுன்ரருக்கு மேலே, பியசேனவின் சான்றிதழுக்குப் பக்கத்தில் ஆணியடித்துக்கொண்டிருந்தார்கள். தோமஸ் ஸ்ரூலில் ஏறி நின்றான். மெற்றில்டா அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளரின் வெற்றுக் கதிரையை இழுத்து, தூசியைத் தட்டி, வீரக்கோனின் மேசைக்கு முன்னால் போட்டு இருந்தாள். சிவலட்சுமியின் பத்திரத்தை விரித்து, முதல் வரியிலிருந்து சிங்களத்தில் வாசிக்கத் தொடங்கினாள்.

வீரக்கோன் நிம்மதியாகப் பேனையை எடுத்தார்.

“நாளைக்கும் வாருங்கள், அம்மே,” என்றார் சிங்களத்தில். “தமிழ்ப் பத்திரத்தோடு இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.”